கலம் பின்னோக்கித் திரும்பும்போது: வாசகர் கேள்விகள்

உப்புவெளி, உயர்தர மாணவி: தோல் கலத்திலும் குருத்துக்கலத்திலும் ஒரே டி.என்.ஏ. தானே, வேறுபாடு எங்கே?

மடிப்பில். ஏறத்தாழ 2 மீற்றர் நீள இழை சில மைக்ரோமீற்றர் அகலக் கருவுக்குள் அடங்குகிறது. இயங்கும் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். உறங்கும் பகுதிகள் தனியே, பெரும்பாலும் கருமென்சவ்வை ஒட்டிக் கிடக்கும். தோல் போன்ற முதிர்ந்த கலம் குருத்துக்கல நிலைக்குத் திரும்பும்போது சில பகுதிகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறுகின்றன.

மூதூர், ஆசிரியர்: மடிப்பு முதலில் மாறுமா, பரம்பரையலகு முதலில் விழிக்குமா?

பல இடங்களில் மடிப்பு முந்துகிறது. 2018 இல் வெளியான சுண்டெலி பீ-கல (ஒருவகை வெண்குருதிக்கலம்) ஆய்வு அதைக் காட்டியது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள்; இரண்டும் சேர்ந்து மாறும் இடங்களும் உண்டு. கலத்தைப் பின்னோக்கித் திருப்ப ஜப்பானிய ஆய்வாளர் யமனாக்கா 2006 இல் பயன்படுத்திய நான்கு புரதங்களில் ஒக்ட்4, சொக்ஸ்2, கே.எல்.எஃப்4 மூன்றும் மூடிக் கிடக்கும் இழையிலும் போய் ஒட்டவல்லவை. தொடக்கம் அங்கேதான்.

இழையில் பிதுங்கும் மடிகளுக்கு வேறு பொறி. கயிற்றை வளையத்துக்குள்ளால் இழுத்தால் மடியொன்று பிதுங்கி வருமே, கோகீசின் என்னும் வளையப் புரதமும் அப்படித்தான் டி.என்.ஏ.யை இழுக்கிறது, ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு சி.டி.சி.எஃப். (டி.என்.ஏ.யில் ஒட்டும் ஒரு புரதம்) இடங்களில் முட்டி நின்றுவிடும். இப்படி உண்டாகும் பெரிய எல்லைகள் கலவகை மாறினாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உள்ளே பரம்பரையலகைத் தூண்டும் எந்த ஊக்கிப் பகுதி எந்தப் பரம்பரையலகைத் தொடுகிறது என்பதே அதிகம் மாறும்.

கிண்ணியா, ஆய்வுகூட மாணவர்: ஹை-சீ (எந்த டி.என்.ஏ. பகுதி எதைத் தொடுகிறது என்று அளக்கும் முறை) முடிவில் வெவ்வேறு நிறமூர்த்தங்களுக்கிடையிலான தொடுகைகள் மிக அதிகம். ஏன்?

பெரும்பாலும் கரு உடைந்து, வெட்டிய டி.என்.ஏ. முனைகள் கண்டபடி ஒட்டியிருக்கும். கலங்களை 1% போமல்டிகைட்டில் அறை வெப்பநிலையில் 10 நிமிடம் வைத்து நிலைப்படுத்துங்கள். சீரம் கலந்த ஊடகத்தில் செய்தால் அதிலுள்ள புரதமே போமல்டிகைட்டைத் தின்றுவிடும். பிறகு 125 மில்லிமோலர் கிளைசீனால் நிறுத்துங்கள். வெட்டும் நொதியத்துக்குப் பின் சிறிதளவை ஜெல்லில் ஓடவிடுங்கள்: மேலே தடித்த பட்டை தேங்கினால் வெட்டு முடியவில்லை, ஒட்டுதலுக்குப் போகவே வேண்டாம்.

இன்னொன்று. வழக்கமான முறையில் திரும்பும் கலங்கள் 1 வீதத்துக்கும் குறைவு. முழுத் தட்டையும் அள்ளினால் நீங்கள் அளப்பது திரும்பாத கலங்களின் மடிப்பையே. சுண்டெலியானால் எஸ்.எஸ்.இ.ஏ.-1 என்னும் கலமேற்பரப்பு அடையாளத்தை வைத்துத் திரும்பிய கலங்களைப் பிரித்தெடுத்துவிட்டு அளவிடுங்கள்.

தம்பலகாமம், வாசகி: திரும்பிய கலம் பழையதை மறந்துவிடுமா?

உடனே இல்லை. தொடக்க வளர்ப்புச் சுற்றுகளில் (கலங்களைப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று) பழைய கலவகையின் மடிப்புச் சாயல் ஒட்டியிருக்கும். சுற்றுகள் ஏறத்தான் மங்கும். இரண்டு கலவரிசைகளை ஒப்பிடுவதானால் ஒரே சுற்று எண்ணில் ஒப்பிடுங்கள்.