முந்திரித் தோப்பில் வெள்ளைக் களிமண்

கேள்வி: பண்ருட்டி அருகே எனக்கு மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது, பட்டா என் பெயரில். ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது செம்மண்ணுக்குக் கீழே மாவு போல வெள்ளைக் களிமண் வந்தது. "பட்டா உங்களுடையது என்றால் மண்ணும் உங்களுடையதுதானே, லோடு கணக்கில் பணம் தருகிறேன்" என்று ஒருவர் முத்திரைத்தாளோடு வந்து நிற்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய கட்டி என் மேசையில் இருக்கிறது. நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. சீனக் களிமண் எனப்படும் கயோலின் இப்படித்தான் ஒட்டும். உறுதியாகச் சொல்ல ஆய்வகம் வேண்டும். ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் உள்ள பாறைகள் மழையில் இற்றுப்போய் உண்டாகும் களிமண் இது. உங்கள் பக்கத்தில் கடலூர் மணற்கல் என்ற பாறை அடுக்கோடு ஆறுகள் கொண்டுவந்து படிய வைத்தவை உண்டு. அவை ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் கிடக்கும். ஒரே குழாய்க் கிணற்றை வைத்து அவர் சொல்லும் லோடு கணக்கு வெறும் ஊகம்.

"மண் யாருடையது" என்பது நியாயமான கேள்விதான். கேரளத்தின் மலபார் பகுதியில் ஜன்ம நிலங்கள் எனப்படும் பரம்பரை முழு உரிமை நிலங்கள் பற்றிய திரேசியம்மா ஜேக்கப் வழக்கில், 2013இல் உச்ச நீதிமன்றம் நிலத்தடிக் கனிமத்தில் நில உடைமையாளருக்கு உரிமை உண்டு என்றது. அதை வைத்துப் பலர் துள்ளுகிறார்கள். உங்கள் நிலத்தில் கனிம உரிமை அரசுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதை மூல ஆவணத்தில்தான் பார்க்க வேண்டும். உரிமை உங்களுடையதாகவே இருந்தாலும், அனுமதியில்லாமல் வெட்டி விற்க முடியாது.

கயோலின் 2015 பிப்ரவரி முதல் சிறு கனிமம். குத்தகை தருவது மாநில அரசு. சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். அனுமதியின்றி எடுத்தால், 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் 21ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம். வண்டி பறிமுதலாகும், எடுத்த மண்ணின் விலையையும் வசூலிப்பார்கள்.

அவர் தந்த வரைவின் நான்காவது ஷரத்தைப் படித்தீர்களா? "சட்டப்படியான அனைத்துப் பொறுப்பும் நில உரிமையாளரையே சாரும்." வழக்கு வந்தால் லாரிக்காரர் ஓடிவிடுவார், பட்டாதாரர் எங்கே ஓடுவது?

சிட்டா, புலப்பட நகலோடு மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். அதுவரை கிணற்றடியில் குவிந்திருக்கும் மண்ணில் ஒரு கூடைகூட விற்காதீர்கள்.