கெமிஸ்ட்ரி படித்தவருக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை?

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படிக்கிறேன். கல்லூரியிலிருந்து கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பானை ஓட்டில் யாரோ தன் பெயரைக் கீறி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மேடம் வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. இந்தத் துறையில் மேற்படிப்பு படிக்க ஆசை. அப்பா பி.எட். சேரச் சொல்கிறார். வேதியியல் படித்தவளுக்கு அங்கே இடம் உண்டா, இல்லை இந்த மூன்று வருடமும் வீண்தானா?
- வாசகி, விருதுநகர்

பதில்: ஒரு நாள்கூட வீணாகவில்லை. வரலாறு படித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கண்ணாடிக் குடுவையையும் அமிலத்தையும் பயமில்லாமல் கையாளத் தெரிந்து வருகிறவர்கள்தான் எப்போதும் குறைவு.

ஏன் என்று ஒரே ஒரு பொருளை வைத்துச் சொல்கிறேன். மண்ணுக்கடியில் பல நூறு வருடம் கிடந்த செப்புத்திருமேனி, அதாவது வெண்கலச் சாமி சிலை ஒன்று அருங்காட்சியகத்துக்கு வருகிறது. மண்ணில் இருந்த உப்பு, அதாவது குளோரைடு, உலோகத்துக்குள்ளேயே தங்கியிருக்கும். கோடையில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழையில் காற்றில் ஈரம் ஏறியதும் முழங்கால் மடிப்பிலோ பீடத்தின் ஓரத்திலோ வெளிர்பச்சையாக ஒரு பொடி பூக்கும், திருநீறு மாதிரி மெல்லிசாக, தொட்டால் விரலோடு வந்துவிடும். சாதாரணப் பச்சைக் களிம்பு அப்படி உதிராது, கெட்டியாகப் படிந்து உலோகத்தோடு ஒட்டிக்கிடக்கும். இந்தப் பொடிக்கு வெண்கல நோய் என்று பேர். தெரியாதவர் துணியால் துடைத்துவிட்டுச் சிலை சுத்தமாகிவிட்டது என்று போய்விடுவார், பொடி இருந்த இடத்தில் குழி விழுந்திருக்கும், உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் குளோரைடை எப்படி வெளியே எடுப்பது, எடுத்த பிறகு ஈரத்தை எந்த அளவில் நிறுத்துவது என்பதெல்லாம் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிற பாடம்தான்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. இந்த நோய்க்கு வழி தேட அங்கே 1930களிலேயே வேதியியல் ஆய்வகம் வந்துவிட்டது, எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அதில் உட்கார்ந்து சிலையையே எதிர்மின்வாயாக வைத்து மின்சாரம் பாய்ச்சி, மின்பகுப்பு முறையில் உப்பைப் பிரித்து எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள சோழர் ஓவியங்களின் பூச்சையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவரும் அவர்தான். எழும்பூரில் வெண்கலக் கூடத்துக்குப் போகிறவர்கள் சிலைகளின் அழகைப் பார்த்துவிட்டு வருவார்கள், நீங்கள் போனால் தோலைப் பாருங்கள், எது எந்த நிறத்தில் இருக்கிறது, எங்கே குழி, எங்கே பழுது பார்த்த தடம் என்று.

படிப்புக்கு வருகிறேன். டெல்லியில் 1989-இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியக நிறுவனம் இப்போது இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்ற பெயரில் நொய்டாவில் இருக்கிறது. கலை வரலாறு, பாதுகாப்பு (பழைய பொருள்கள் கெடாமல் காப்பது), அருங்காட்சியகவியல் என்று எம்.ஏ.க்கள் உண்டு, உங்களுக்குப் பாதுகாப்புதான். பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அருங்காட்சியகவியல் துறை நடக்கிறது, இந்தியாவில் அதுதான் முதல் துறை. அங்கே காட்சி அமைப்பு, பதிவு, பராமரிப்பு, பார்வையாளர் கல்வி எல்லாம் கலந்து வரும். சிலைக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என் வேலை என்று தோன்றினால் நொய்டா, அருங்காட்சியகம் முழுவதையும் நடத்திப் பார்க்க ஆசை என்றால் பரோடா. எதற்கும் அந்த வருட அறிவிப்பில் எந்தெந்தப் பட்டத்தை ஏற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்பாவோடு சண்டை வேண்டாம். மதுரையில் காந்தி அருங்காட்சியக வளாகத்திலேயே அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்தான். செமஸ்டர் விடுமுறையில் அதன் பொறுப்பாளரான காப்பாட்சியரிடம் (க்யூரேட்டர்) ஒரு கடிதம் கொடுத்து, ஒரு மாதம் கூட இருந்து வேலை பார்க்கட்டுமா என்று கேளுங்கள். தூசி தட்டவும் பட்டியல் எழுதவும்தான் விடுவார்கள். அந்த ஒரு மாதம் முடிந்த பிறகும் இந்த ஆசை இப்படியே இருந்தால் அப்பாவிடம் சொல்வதற்கு உங்களிடம் ஆசையோடு அனுபவமும் இருக்கும்.

கேள்வி: எம்.ஏ. வரலாறு முடித்து இரண்டு வருடமாகப் போட்டித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். அருங்காட்சியகவியலில் இன்னொரு பட்டம் வாங்கினால் அரசு வேலை உறுதியா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உறுதி இல்லை. இதை நான் சுற்றி வளைத்துச் சொன்னால் உங்கள் இரண்டு வருடம் நாலு வருடமாகிவிடும். காப்பாட்சியர் பணியிடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது, இந்தியத் தொல்லியல் துறையின் மேல்நிலைப் பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி. எடுக்கிறது, ஆனால் இடங்கள் சில, அறிவிப்பு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதை மட்டும் நம்பிப் படிக்காதீர்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் தேர்வில் அருங்காட்சியகவியல் மற்றும் பாதுகாப்பு என்று தனிப்பாடமே இருக்கிறது, அந்தப் பட்டம் இருந்தால் அதை எழுதலாம், ஆய்வுப் பக்கமும் கற்பிக்கும் பக்கமும் ஒரு கதவு திறக்கும்.

சரி, உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு எம்.ஏ. இருக்கிறது. இன்னொரு பட்டத்தைவிட உங்களுக்கு இப்போது ஒரு கைத்தொழில் தேவை என்பேன். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்துகிற கல்வெட்டியல், தொல்லியல் முதுநிலைப் பட்டயப் படிப்பைப் பாருங்கள், மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் என்கிற பழைய எழுத்துகளை வாசிக்கவும், கல்லில் ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, அரைகுறையாகக் காய்ந்ததும் மை ஒற்றிப் படி எடுக்கவும் தெரிந்த ஒருவரைத் தேடுகிற இடங்கள் இன்றைக்கு இருக்கின்றன. உங்கள் ஊரிலேயே 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்வெட்டு, சுவடி, சிற்பம் எல்லாவற்றுக்கும் துறை உண்டு. பஸ் ஏறிப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமானது. அருங்காட்சியக வேலை என்றால் எல்லாருக்கும் கண்காட்சிதான் கண்ணில் வருகிறது. அதன் உயிர் பதிவேட்டில் இருக்கிறது. பல வருடம் முன்னால் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் வேலைக்குப் போனேன். ஒரு மழையில் கூரை ஒழுகி, பழைய பதிவேட்டில் மை கரைந்து பக்கம் பக்கமாக ஒட்டிப்போயிருந்தது, நகலும் கிடையாது. அலமாரியில் இருபது முப்பது சுடுமண் பொம்மைகள், ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு, ஆனால் எந்த ஊரில், எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று ஒரு வார்த்தை இல்லை. பொருள் முழுசாகக் கையில் இருந்தது, அது சொல்லக்கூடியதில் பெரும்பகுதி போயே போய்விட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே பதிவு சரியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் இருக்கிறார். கோயிலிலிருந்து திருடப்பட்ட அந்தச் சிலையை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. இது எங்கள் சாமி என்று வாயால் சொன்னால் போதுமா? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950களிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில் சிலைகளைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார்கள், அந்தத் தொகுப்பில் இவரும் இருந்தார். அந்தப் படத்தையும் இந்தச் சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. 2014 செப்டம்பரில் நடராஜர் திரும்பி வந்தார். என்றோ ஒரு நாள் கோயில் இருட்டில் விளக்கைச் சரிசெய்து, படம் எடுத்து, பின்னால் ஊர்ப்பெயர் எழுதி வைத்தவருடைய வேலை அது.

ஆகவே படிக்கும்போதே எண் இடப் பழகுங்கள். ஒரு மண்பாண்டத்தில் நேரடியாக மார்க்கரால் எழுதக்கூடாது. பாராலாய்டு பி-72 என்கிற பிசினை அசிட்டோனில் கரைத்து ஒரு சின்னப் பட்டையாகப் பூசி, காயவிட்டு, அதன்மேல் மெல்லிய நிப்பால் எண்ணை எழுதி, மறுபடி ஒரு பூச்சு. நாளைக்கு வேண்டாம் என்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் எடுத்துவிடலாம், பானைக்கு ஒன்றும் ஆகாது. பார்வையாளர் கண்ணில் படாத, ஆனால் பானையைக் கவிழ்க்காமலே நாம் பார்த்துவிடக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: மகளுக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மியூசியம் ஸ்டடீஸ் எம்.ஏ. சீட் கிடைத்திருக்கிறது, ஒரு வருடப் படிப்பு. வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்த வருடம் வேண்டாம் ஐயா. படிப்பில் குறை இல்லை, லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1966-லிருந்து இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது, லண்டன் யு.சி.எல். தொல்லியல் நிறுவனமும் பேர் பெற்றது. அங்கேயே வேலை கிடைத்துக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால்தான் சிக்கல். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களே இந்தத் துறையில் முதல் வேலைக்கு அல்லாடுகிறார்கள்.

மகளை இரண்டு வருடம் இங்கே வேலை பார்க்கச் சொல்லுங்கள். முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் பயிற்சிக்கு எடுக்கிறார்கள், தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பாதுகாத்து மின்னாக்கம் செய்கிற வேலை நடக்கிறது. பிரிட்டிஷ் அரசு தருகிற சீவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு வருடம், அதனால் இந்தக் காலம் அதற்கும் கணக்காகிவிடும். வேலையில் இருந்துகொண்டே படிப்பதென்றால் லெஸ்டரில் தொலைதூரக் கல்வியாகவும் எம்.ஏ. உண்டு. அப்புறம், பல நாட்டு அருங்காட்சியக ஊழியர்களை லண்டனுக்கு அழைத்துப் பயிற்சி கொடுக்கிற திட்டம் ஒன்றைப் பிரிட்டிஷ் மியூசியம் 2006 முதல் நடத்துகிறது, வேலையில் இருப்பவர்களுக்குத்தான் அது. எப்படிப் பார்த்தாலும் முதலில் வேலைதான் வருகிறது. இந்த வருட சீட்டை ஒத்திவைக்க முடியுமா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

கேள்வி: நான் யாழ்ப்பாணம். நூதனசாலை வேலைக்குப் படிக்க விருப்பம், இந்தியாவுக்கு வர வசதியில்லை. இங்கேயே வழி உண்டா?
- வாசகி, நல்லூர்

பதில்: உண்டு. யாழ் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் இருக்கிறது, அதற்கு மேலே கொழும்பில் களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் தொல்லியல் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் பட்டப்பின் டிப்ளோமாவும் முதுமாணியும், அதாவது முதுகலைப் பட்டமும் செய்யலாம். 1981-இல் உங்கள் ஊர் நூலகம் எரிந்தபோது திரும்பக் கிடைக்காத சுவடிகள் எத்தனை போயின என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2005-இலிருந்து நூலகம் என்ற மின்னூலகம் ஈழத்து எழுத்துகளை வருடி ஏற்றி வருகிறது. படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிற மாதங்களில் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் இருக்கிற பழைய கடிதம், காணி உறுதிப் பத்திரம், கோயில் நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் பட்டியல் போடத் தொடங்குங்கள்: என்ன பொருள், யாரிடம் இருக்கிறது, எப்படி வந்தது, என்ன நிலையில் இருக்கிறது. பென்சிலால் எழுதுங்கள், ஈரம் பட்டாலும் கரையாது.