பேஸ்மென்ற்றை நாள் வாடகைக்கு விட முன்னம்

தம்பி, உங்கள் மெசேஜ் வந்தபோது நான் மட்டக்களப்பில் மாமாங்கத் தீர்த்தக்கரையில் நின்றேன். ஆடி அமாவாசைச் சனத்துக்குள் ஆறுதலாகப் படிக்க முடியவில்லை. இன்று கல்லடியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்துதான் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியது: களுவாஞ்சிகுடியில் இருந்து ரொறன்ரோ வந்து ஏழு மாதம், ஸ்காபரோவில் அக்காவும் அத்தானும் வாங்கிய வீட்டில் இருக்கிறீர்கள். பேஸ்மென்ற்றை (வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியை) நாள் வாடகைக்கு எயார்பிஎன்பி (Airbnb) ஆப்பில் போட யோசனை. அங்கே போட்டால் வரியை அவர்களே பிடித்துக் கட்டுவார்கள், எங்களுக்கு வேலை இல்லை என்று ஒருவர் சொன்னாராம். ஜூனில் கலியாணத்துக்கு வந்த ஊர்க்காரர் நாலு நாள் தங்கி 400 டொலர் கையில் தந்தார்கள், அதற்கும் வரி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள்.

உண்டு தம்பி. ஆனால் வரிக்கு முன்னம் ஒரு பெரிய விசயம் இருக்கிறது.

ரொறன்ரோவில் 28 நாளுக்குக் குறைந்த தங்கலைத்தான் குறுகியகால வாடகை என்கிறார்கள். அதைச் சிட்டியில் பதிவு செய்துவிட்டுத்தான் கொடுக்கலாம். அதுவும் நீங்கள் உண்மையாகக் குடியிருக்கும் வீட்டை மட்டும். ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான். பேஸ்மென்ற்றுக்குத் தனி வாசல், தனிக் குசினி, தனிக் குளியலறை இருந்தால் சட்டம் அதைத் தனி வீடாகவே பார்க்கும். அத்தான் குடியிருப்பது மேலே. அப்படியென்றால் கீழே இருப்பது அவருடைய குடியிருப்பு இல்லை. வீடு முழுக்க அவர் பெயரில் இருந்தாலும் அந்தப் பேஸ்மென்ற்றை அவரால் நாள் வாடகைக்கு விட முடியாது. அந்தப் பகுதியில் நீங்களே குடியிருந்தால், அது உங்கள் முதன்மைக் குடியிருப்பு என்று உங்கள் பெயரில் பதியலாம். வாடகைக்கு இருப்பவரும் பதியலாம், ஆனால் அடையாள அட்டையில் அதே விலாசம் இருக்க வேண்டும். கீழே தனிக் குசினி இல்லாமல், வீட்டோடு சேர்ந்த வெறும் அறைகள் என்றால் கதை வேறு. அப்போது அத்தான் தன் வீட்டு அறைகளைக் கொடுப்பதாகவே கணக்கு. அறையாகக் கொடுத்தால் மூன்று அறை வரை, வருடம் முழுக்கக் கொடுக்கலாம். முழு வீட்டையும் விட்டு வெளியே போனால் வருடத்துக்கு 180 இரவுதான் எல்லை. ஆகவே முதலில் வீட்டின் அமைப்பைப் பாருங்கள். பதிவு எண் கைக்கு வரும்வரை விளம்பரம் போடவே வேண்டாம், அந்த எண் விளம்பரத்தில் தெரிய வேண்டும்.

சரி, இனி வரி. இதில் மூன்று வேறு வேறு வரிகள் இருக்கின்றன. நீங்கள் பேசிய ஆள் மூன்றையும் ஒன்றாக நினைத்துவிட்டார்.

முதலாவது நகரத்தின் தங்குமிட வரி. ரொறன்ரோ ஹோட்டல்களுக்கு 2018 ஏப்ரலில் 4 வீதமாகத் தொடங்கியது. எங்களைப் போல வீட்டு அறை கொடுப்பவர்களுக்கு 2021 ஜனவரியில் வந்தது. 2023 மே மாதம் 6 வீதமாக ஏறியது. உலகக்கிண்ண உதைபந்தாட்டச் செலவுக்காக 2025 ஜூன் 1 முதல் 2026 ஜூலை 31 வரை 8.5 வீதம், அதற்குப் பிறகு மீண்டும் 6. உதாரணத்துக்கு, இரவுக்கு 120 டொலர் படி மூன்று இரவு என்றால் 360. 8.5 வீதப்படி வரி 30 டொலர் 60 சதம். இது உங்கள் வருமானத்தில் இருந்து போவதில்லை. தங்க வருபவரிடம் அறைக்காசுக்கு மேலால் வாங்கி, பற்றுச்சீட்டில் தனியாக எழுதிக் காட்டி, சிட்டிக்குக் கொடுக்க வேண்டியது.

அறுகம்குடாவில் என் ஒன்றுவிட்ட தம்பி நாலு கபானா (சிறு குடில்) வைத்திருக்கிறான். அலைச்சறுக்குச் சீசனில் வருகிறவரிடம் ஒரு விலை சொல்வான், அதுதான் முழு விலை. பாசிக்குடாவில் பெரிய ஹோட்டலுக்குப் போனால் பில்லில் அறைக்கு ஒரு தொகை, 10 வீதம் சேவைக் கட்டணம், 18 வீதம் வற் (VAT) வரி என்று தனித்தனியாக விழும். ரொறன்ரோவில் ஒரே ஓர் அறை வைத்திருந்தாலும் நீங்கள் பாசிக்குடா ஹோட்டல் மாதிரித்தான் பில் எழுத வேண்டும். ஊர்ப் பழக்கத்தில் "எல்லாம் சேர்த்து 400" என்று சொல்லிவிட்டால் வரி உங்கள் கையால்தான் போகும். உங்கள் கலியாண விருந்தாளிகளின் 400க்கு அது 34 டொலர்.

எயார்பிஎன்பி சிட்டியோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அதன் வழியாக வரும் புக்கிங்குக்கு இந்த வரியை அவர்களே பிடித்துக் கட்டுகிறார்கள் என்பது சரிதான். ஆனால் அதன் வழியாக வரும் புக்கிங்குக்கு மட்டும்தான். தெரிந்தவர் மூலம், பேஸ்புக்கில், போனில் வருகிறவர்களுக்கு நீங்களே வாங்கி, காலாண்டு முடிந்து 30 நாளுக்குள் கணக்குக் கொடுத்துக் கட்ட வேண்டும்.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். மகள் ஒட்டாவாவுக்குப் படிக்கப் போன பிறகு அவளுடைய அறையைக் கொடுக்கத் தொடங்கினேன். ஒரு மொன்றியல் குடும்பம் முதல்முறை ஆப் மூலம் வந்தது. அடுத்த மூன்று முறையும் நேரே போன் எடுத்து வந்தார்கள். வரி தானாகப் போகிறது என்ற நினைப்பில் நான் எதுவும் வாங்கவில்லை. வருமான வரி செய்யும்போது கணக்காளர் வங்கிக் கணக்கைப் பார்த்து, "இந்தக் காசு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். தொகை பெரிதில்லை. ஆனால் பழைய மெசேஜ்களை எல்லாம் தேடி, எந்தத் தேதியில் யார் தங்கினார்கள் என்று எடுத்து, கைக்காசில் கட்டி முடிக்கும்வரை நித்திரை இல்லை. அன்று முதல் ஒரு தனி வங்கிக் கணக்குத் திறந்து, வரிக்காசு வந்த அன்றே அதற்குள் போட்டுவிடுகிறேன். நீங்களும் முதல் விருந்தாளியில் இருந்தே அப்படிச் செய்யுங்கள். வீட்டுச் செலவுக்குள் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது.

இரண்டாவது எச்எஸ்ரி (HST) என்ற விற்பனை வரி, ஒன்ராறியோவில் 13 வீதம். ஒரு மாதத்துக்குக் குறைந்த தங்கலுக்கு இது பொருந்தும். நீங்கள் எச்எஸ்ரி பதியாதவர் என்றால், ஆப் வழியாக வரும் புக்கிங்குக்கு 2021 ஜூலையில் இருந்து அவர்களே பிடித்துக் கட்டுகிறார்கள். தொடர்ந்து நாலு காலாண்டில் 30,000 டொலருக்கு மேல் போனால் நீங்கள் கட்டாயம் பதிய வேண்டும், ஒரு பேஸ்மென்ற்றுக்கு அது உடனே வராது. ஆனால் வீட்டை விற்கும் காலத்தில் இந்த நாள் வாடகை எச்எஸ்ரிப் பிரச்சினையாகத் திரும்பி வரலாம் என்பதை அத்தானிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மூன்றாவது வருமான வரி. வாடகை முழுவதும் வருமானம், மின்சாரம், மோர்ட்கேஜ் வட்டி, துப்புரவுச் செலவை அளவுப்படி கழிக்கலாம். இங்கேதான் 2024 ஜனவரி 1 முதல் ஒரு கடுமையான விதி வந்திருக்கிறது. பதிவில்லாமல், அல்லது விடக்கூடாத இடத்தில் குறுகியகால வாடகை விட்டால் அந்தச் செலவு ஒன்றையும் கழிக்க விடமாட்டார்கள். வந்த காசு முழுவதற்கும் வரி. முதலில் பதிவைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் அம்மா நேற்று என்னைக் கண்டு, களுவாஞ்சிகுடி வீட்டையும் சும்மா பூட்டி வைக்காமல் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். வீடு உங்கள் பெயரில் என்றால் கொடுக்கலாம், ஆனால் இலங்கையில் கட்ட வேண்டியதைக் கட்டினாலும் அந்த வருமானத்தைக் கனடாவிலும் காட்ட வேண்டும். கனடாவில் குடியிருப்பவர் உலகம் முழுக்க உழைப்பதைக் காட்டத்தான் வேண்டும். இலங்கையில் கட்டிய வருமான வரிக்குக் கனடாவில் கழிவு கேட்கலாம், ரசீது இருந்தால்.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று. ஜூன் தங்கல் ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டுக்குள் வருகிறது, அந்தக் கணக்குக்கு ஜூலை 30 வரைதான் நேரம். திங்கட்கிழமை சிட்டியின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து, பதிவு இல்லாமல் ஒருமுறை ஆட்களை வைத்துவிட்டோம், வரியை எப்படிக் கட்டுவது என்று நேராகக் கேளுங்கள். ஊர்க்காரர்தானே என்று விட்டுவிடாதீர்கள். உறவென்று காசு வாங்காமல் வைத்திருந்தால் அது விருந்து. காசு வாங்கினபடியால் அது வாடகை.

நான் ஆவணி நடுவில் ஸ்காபரோ வந்துவிடுவேன். அத்தானிடம் வீட்டு வரைபடம் இருந்தால் எடுத்து வையுங்கள், கீழே அடுப்பு இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே எழுதுங்கள். உங்கள் அம்மா உங்களுக்கென்று ஒரு பை முந்திரிப்பருப்பு தந்திருக்கிறார், கொண்டு வருகிறேன்.