சிகாகோல இருந்து நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் தனியா கார்ல: உங்க கேள்விகளும் என் பதில்களும்

போன அக்டோபர்ல சிகாகோல ஒரு வாடகை கார் எடுத்துட்டு செயின்ட் லூயிஸ், மெம்ஃபிஸ், கிளார்க்ஸ்டேல், விக்ஸ்பர்க் வழியா நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் 10 நாள் தனியா ஓட்டிட்டுப் போனேன். அமெரிக்கால நான் தனியா போன நாலாவது கார் பயணம் இது. போட்டோ போட்டதுல இருந்து ஆளாளுக்கு கேள்வி கேட்டுட்டே இருக்கீங்க, அதனால எல்லாத்துக்கும் இங்கயே பதில் எழுதிடறேன்.

சேலம் தம்பி: அக்கா, எல்லாரும் கலிஃபோர்னியா பீச் ரோடு, கிராண்ட் கேன்யன்னு போறாங்க, நீங்க ஏன் இந்த ரூட் எடுத்தீங்க?

தம்பி, அந்தப் பக்கமும் போயிருக்கேன், அழகுதான், ஆனா அது பாக்கற அழகு. எனக்கு இந்தத் தடவை ஊருங்களோட கதை தெரியணும்னு இருந்துச்சு. 1910ல இருந்து 1970 வரைக்கும் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்கள விட்டுட்டு வடக்க பொழப்பு தேடி வந்தாங்க, மிசிசிப்பி மாநிலத்து ஜனம் பெரும்பாலும் இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில் ஏறி சிகாகோல வந்து இறங்கிச்சு. அந்த ரயில் வந்த வழிய தலைகீழா, அவங்க வந்து சேர்ந்த ஊர்ல ஆரம்பிச்சு கிளம்பின ஊருக்குப் போய்ப் பாக்கணும்னு ரொம்ப வருஷமா ஆசை. சிகாகோல பிரான்ஸ்வில்னு ஒரு ஏரியா இருக்கு, அங்க கிங் டிரைவ் ரோட்டு நடுவுல கையில பெட்டியோட வடக்க பாத்து நிக்கற ஒரு வெண்கல மனுஷன் சிலை, கிட்ட போய்ப் பாத்தா அவரு போட்டிருக்க கோட்டு சூட்டு முழுக்க தேஞ்ச ஷூவோட அடிப்பாகத்தால செஞ்ச மாதிரி வடிச்சிருக்காங்க. முதல் நாள் காலைல அங்கதான் போனேன், அங்க நின்னு பாத்துட்டுதான் வண்டிய தெற்க திருப்பினேன்.

ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா: பொண்ணா தனியா போறது சேஃபா? என் மக கேக்கறா, எனக்கு மனசு வரல.

உங்க பயம் புரியுதுங்க, எங்க அம்மாவும் தினமும் ராத்திரி போன் வந்தாத்தான் தூங்குவாங்க. நான் வச்சிருக்கற பழக்கத்த சொல்றேன். பொழுது சாயறதுக்குள்ள ரூம் போட்ருவேன், ராத்திரில புது ஊருக்குள்ள வண்டி நுழையாது. மோட்டல்ல கதவு நேரா பார்க்கிங்க பாத்து திறக்கற ரூம் வேண்டாம், உள்பக்க வராந்தா இருக்கற ஹோட்டலா பாத்து எடுப்பேன், பத்து பதினஞ்சு டாலர் கூடினாலும் பரவால்ல. கார்ல சீட்டு மேல ஒரு பை கூட, ஏன் சார்ஜர் ஒயர் கூட தெரியற மாதிரி வைக்கக் கூடாது, கண்ணாடிய உடைக்கறது பெரிய ஊருங்கள்ல சாதாரணமா நடக்குது. டேங்க் பாதிக்குக் கீழ போக விடமாட்டேன். மத்தபடி எனக்கு ஒரு கெட்ட அனுபவமும் இல்ல, தனியா வந்திருக்கேன்னு தெரிஞ்சா சாப்பாட்டுக் கடைல பக்கத்து டேபிள்காரங்க பேச்சுக் குடுத்து, எங்க போகணும் எங்க போகக் கூடாதுன்னு பேப்பர்ல எழுதியே குடுத்தாங்க. மகள அனுப்புங்க, முதல் தடவை மூணு நாள் பயணமா இருக்கட்டும்.

திருச்சி டிரைவர்: லைசென்ஸ், ரூல்ஸ் பத்தி சொல்லுங்க.

நம்ம ஆர்டிஓ ஆபீஸ்லயே இன்டர்நேஷனல் பர்மிட் தர்றாங்க, ஒரு வருஷம் செல்லும், அதோட ஒரிஜினல் லைசென்ஸும் கையில இருக்கணும். ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டணும், அது ஒரு நாள்ல பழகிடும், பழகாதது என்னன்னா ஆளே இல்லாத ரோட்டுல கூட ஸ்டாப் போர்டு பாத்தா சக்கரம் முழுசா நிக்கணும். ரெட் சிக்னல்ல முழுசா நின்னுட்டு வலது பக்கம் திரும்பலாம், கூடாதுன்னு போர்டு இருந்தா மட்டும் கூடாது. மஞ்சள் ஸ்கூல் பஸ் சிவப்பு லைட் போட்டு நின்னா, நடுவுல தடுப்பு இல்லாத ரோட்டுல பொதுவா எதிர்ல வர்ற வண்டியும் நிக்கணும், இத மறந்துடாதீங்க, குழந்தைங்க விஷயம். போலீஸ் பின்னாடி லைட் போட்டா ஓரம் கட்டி உள்ளயே உக்காந்து ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வைங்க, நம்ம ஊர் மாதிரி இறங்கி நடந்து போய்ப் பேசக் கூடாது. பெட்ரோல் பங்க்ல மெஷின் ஜிப் கோட் (அவங்க ஊர் பின்கோட்) கேக்கும், நம்ம கார்டுக்கு அது ஒத்து வராது, உள்ள போய் பம்ப் நம்பர் சொல்லி முன்கூட்டியே பணம் கட்டிடுங்க.

மதுரைக்காரர்: செயின்ட் லூயிஸ் ஆர்ச் பாத்தீங்களா? உள்ள ஏறலாமாமே?

ஏறினேன்ங்க, பெரிய வளைவு அது, 630 அடி உயரம், 1965ல கட்டி முடிச்சது, அஞ்சு பேர் குறுகி உக்கார்ற ஒரு குட்டி டப்பால மேல கூட்டிட்டுப் போறாங்க. நல்லா இருக்கு. ஆனா நான் மனசார சொல்றது, மிசிசிப்பி ஆத்துக்கு அந்தப் பக்கம் இல்லினாய்ஸ்ல இருக்கற கஹோக்கியாவுக்குப் போங்க. ஐரோப்பியங்க வர்றதுக்கு பல நூறு வருஷம் முன்னாடி, சுமார் 1050லருந்து, அங்க ஒரு பெரிய நகரமே இருந்திருக்கு, கூடை கூடையா மண்ணு சுமந்து கொட்டியே மேடு எழுப்பியிருக்காங்க. பெரிய மேடு சுமார் 100 அடி. மாங்க்ஸ் மௌண்ட்னு பேரு. யுனெஸ்கோ 1982லயே உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துருச்சு, நான் போன அன்னைக்கு மேல மொத்தமே ஆறு பேருதான். அந்த மேட்டு உச்சில நின்னா தூரத்துல ஆர்ச் மெல்லிசா தெரியுது, ரெண்டுத்தையும் ஒரே பார்வைல பாத்தப்போ அமெரிக்கால பழைய ஊரே கிடையாதுன்னு இனிமே யாரு சொன்னாலும் விடக் கூடாதுன்னு தோணுச்சு.

கோவை கட்டிடக்காரர்: ஊர் நடுவுல ஆளே இல்லன்னு எழுதியிருந்தீங்க, அது எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன் சார். செயின்ட் லூயிஸ்ல 1950ல எட்டரை லட்சம் பேர், 2020ல மூணு லட்சம் சொச்சம். ஊர் நடுவுல சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்தேன், அருமையான செங்கல் கட்டிடம், அகலமான ரோடு, சிக்னல் மாறுது, கடக்க யாருமே இல்ல. காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல, ஃபேக்டரிங்க மூடினது, வெள்ளைக்காரக் குடும்பங்க புறநகருக்குப் போனது எல்லாம் சேரும், ஆனா நான் காரை ஓட்டிட்டு வந்த ரோடே அதுல ஒரு பெரிய காரணம். 1956ல ஹைவே சட்டம் வந்துச்சு, 41,000 மைல் போடணும்னு திட்டம், செலவுல 90 சதவீதம் மத்திய அரசு குடுத்துடும். ஊர் ஊரா ரோட்ட நடு ஊருக்குள்ளயே கொண்டு வந்தாங்க, எங்க இடிக்கறதுன்னு பாத்தப்போ நிலம் மலிவா, எதிர்த்துக் கேக்க ஆள் பலம் இல்லாத ஏரியாவா, பெரும்பாலும் கறுப்பின மக்கள் இருந்த தெருவுங்களா பாத்து இடிச்சாங்க. ரோடு வந்ததும் வசதி உள்ளவங்க அதே ரோட்டுல வெளிய போயிட்டாங்க. எல்லா ஊர்லயும் இத நான் பாத்தேன், அதனாலதான் எல்லாருக்கும் சொல்றேன், ஹைவேல மேல போகும்போது ஊர் தெரியாது, இறங்கி அந்த ரோட்டுக்கு அடில போய் நடந்து பாருங்க.

எதிர்த்து ஜெயிச்ச ஊரும் இருக்கு. மெம்ஃபிஸ்ல ஓவர்ட்டன் பார்க்னு ஒரு பழைய காடு மாதிரி பூங்கா, அதுக்குள்ள ஐ-40ங்கற ஹைவே போறதா இருந்துச்சு, அக்கம்பக்கத்து ஜனங்க கேஸ் போட்டு 1971ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் நிறுத்தினாங்க. அந்த மரத்தடில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், நிம்மதியா இருந்துச்சு.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட இடத்தைப் பார்த்தீர்களா அம்மா?

பாத்தேன் ஐயா. லொரெய்ன் மோட்டல், 306ஆம் நம்பர் ரூம், 1968 ஏப்ரல் 4. இப்ப அத நேஷனல் சிவில் ரைட்ஸ் மியூசியமா ஆக்கிட்டாங்க. பால்கனி கம்பில ஒரு மலர்வளையம், கீழ பழைய கார் ரெண்டு நிக்குது, வெளிய இருந்து பாத்தா சாதாரண ரெண்டு மாடி மோட்டல்தான், அவ்வளவு சாதாரணமா இருக்கறதுதான் நெஞ்ச அடைக்குது. அவரு அந்த ஊருக்கு எதுக்கு வந்தாருன்னு பல பேருக்குத் தெரியாது, குப்பை அள்ற தொழிலாளிங்க ஸ்ட்ரைக்குக்காக. அந்த வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதி மழைல லாரி பின்பக்கம் ஒதுங்கின எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர்னு ரெண்டு தொழிலாளிங்க குப்பைய நசுக்கற மெஷின்ல மாட்டி செத்துப் போனாங்க, அதுக்கப்புறம்தான் 1,300 பேர் வேலைய நிறுத்தினாங்க, கழுத்துல மாட்டின அட்டைல ‘நானும் ஒரு மனுஷன்’ங்கற அர்த்தத்துல எழுதியிருந்தாங்க. மலக்குழில இறங்கி சாகறவங்களப் பத்தி நம்ம ஊர்ல பேப்பர்ல படிச்சுட்டு அடுத்த பக்கம் திருப்பறோம்ல ஐயா, அந்த அட்டை முன்னாடி நின்னப்போ எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

சைவப் பிள்ளை: சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?

தெற்க கொஞ்சம் கஷ்டம்தான், கீரைல கூட பன்னிக்கறி போட்டு வேகவைப்பாங்க, கேட்டுட்டு சாப்பிடுங்க. வாஃபிள் ஹவுஸ் 24 மணி நேரமும் இருக்கும், உருளைக்கிழங்கு துருவி வறுத்தது வெங்காயத்தோட நல்லா இருக்கும். சின்ன ரைஸ் குக்கர் ஒண்ணு, புளிக்காய்ச்சல் பாட்டில் ஒண்ணு கூடவே இருந்துச்சு.

வரலாறு படிக்கிற மாணவி: மிசிசிப்பி எப்படி இருந்துச்சு அக்கா?

மெம்ஃபிஸ் தாண்டி ஐ-55ஐ விட்டுட்டு பழைய 61ஆம் நம்பர் ரோட்டுல போனேன்ம்மா. டெல்டான்னு சொல்றாங்க, ஆனா ஆறு கடல்ல சேர்ற இடம் அங்க கிடையாது, ஆத்து வண்டல் படிஞ்ச சமவெளி, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தட்டையா பருத்தி. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவ நான், எனக்கு அந்த மண்ணப் பாத்ததும் ஊர் ஞாபகம், ஆனா வயக்காட்டுக்கு நடுவுல இங்க மாதிரி நெருக்கமா ஊர் இல்ல, ரொம்ப அமைதி. கிளார்க்ஸ்டேல் தாண்டி எனக்கு டயர் பஞ்சர் ஆச்சு, ஒரு பெரியவர் பிக்கப்ப நிறுத்தி ஸ்டெப்னி மாட்டிக் குடுத்தாரு, காசு நீட்டினேன் வாங்கல. எங்க போறேன்னு கேட்டாரு, சம்னர்னு சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு ‘எல்லாரும் போய்ப் பாக்கணும்’னாரு.

சம்னர்ல ஒரு கோர்ட் கட்டிடம் இருக்கு. எம்மெட் டில்னு 14 வயசுப் பையன், சிகாகோல இருந்து 1955 ஆகஸ்ட்ல சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தவன், வெள்ளைக்காரக் கடைக்காரியோட பேசின விதம் சரியில்லன்னு சொல்லி கடத்திட்டுப் போய் கொன்னுட்டாங்க. அந்தக் கோர்ட்லதான் அந்தக் கேஸ்ல மாட்டின ரெண்டு பேரையும் விடுதலை பண்ணாங்க. பையனோட அம்மா சவப்பெட்டிய மூட மாட்டேன், என் பிள்ளைய என்ன பண்ணாங்கன்னு உலகம் பாக்கட்டும்னு சிகாகோ சர்ச்சுல திறந்தே வச்சாங்க. 2023ல அந்த சர்ச், இந்தக் கோர்ட், அவன் உடம்ப ஆத்துல இருந்து எடுத்ததா நம்பற கரை மூணையும் சேர்த்து தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்சாங்க. ஆத்தங்கரைல வச்ச பலகைய திரும்பத் திரும்ப துப்பாக்கியால சுட்டதால 2019ல குண்டு துளைக்காத பலகையா மாத்தி வச்சிருக்காங்க. நீ வரலாறு படிக்கிறேன்னு சொன்னதால இவ்வளவும் எழுதறேன்.

சென்னை காப்பி: நியூ ஆர்லியன்ஸ்ல ஃபிரெஞ்ச் குவார்ட்டர் தவிர என்ன பாக்கலாம்?

ஊரோட பழைய பகுதியான ஃபிரெஞ்ச் குவார்ட்டர் பாருங்க, ஆத்தோரமா அதுக்கு முன்பக்கமும் தூண் மேல போற ஒரு ஹைவே வர்றதா இருந்து 1969ல ரத்தாச்சு, அதனாலதான் இன்னைக்கு அந்த அழகு மிச்சம். அங்கருந்து கொஞ்சம் தள்ளி நடந்தா ட்ரெமே, கறுப்பின மக்களோட பழைய பேட்டை. அங்க கிளெய்போர்ன் அவென்யூல வரிசையா ஓக் மரம், நிழல்ல கடைங்க, திருவிழான்னா ஜனம் மொத்தமும் அங்கதான் கூடும், அத 1966ல வெட்டிட்டு ஐ-10 பாலத்த தூக்கி வச்சுட்டாங்க, அத யாராலயும் நிறுத்த முடியல. இப்ப பாலத்துத் தூணுங்க மேல ஓக் மரத்த பெயின்ட்ல வரைஞ்சு வச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் போனப்போ மேல லாரி சத்தம், கீழ பித்தளை வாத்தியம் வாசிச்சுட்டு ஒரு ஊர்வலம், பின்னாடி குடைய ஆட்டிக்கிட்டு ஆடற ஜனம், நானும் நாலு தெரு கூடவே நடந்தேன். 10 நாள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு மணி நேரம் அதுதான்.

அப்புறம் உங்க பேருக்காகவே சொல்றேன், அங்க காப்பில சிக்கரி கலக்கறாங்க, நம்ம ஃபில்டர் காப்பிக்கு ஒண்ணு விட்ட தங்கச்சி மாதிரி. சூடான பாலோட டம்ளர் நிறைய குடிச்சுட்டு ஒரு டின் வாங்கிட்டு வந்தேன், ஊர்ல அம்மாகிட்ட எதுவும் சொல்லாம போட்டுக் குடுத்தேன், ‘கும்பகோணம் கடைத் தூளா?’ன்னு கேட்டாங்க.