கேப் டவுனில் கூட்டமில்லாத இடத்தில் சர்ஃபிங் செய்யலாமா? குளிர் தாங்குமா?

டர்பனில் ஓரளவு சர்ஃபிங் பழகியவர் என்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் டிசம்பரில் வந்து, தென்னாப்பிரிக்காவில் அப்போது கோடைதானே என்று வெறும் ஷார்ட்ஸோடு இறங்கிவிடாதீர்கள்.

நான் அதைத்தான் செய்தேன். கோவளத்தில் கற்றுக்கொண்ட சென்னைக்காரன் புத்தி. கேப் டவுனின் நூர்டுஹுக் கடற்கரையில் மணல் காலைச் சுட்டது. முதல் அலைக்கு அடியில் முங்கி எழுந்தபோது நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. பத்தே நிமிடம். கரையேறி வந்தால் கார் சாவியைத் திருப்ப விரல் வரவில்லை. கூட வந்த டர்பன் அண்ணன்தான் வாங்கித் திறந்தார். "தம்பி, இங்க கோடையிலதான் தண்ணி ஐஸ்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

உண்மைதான். கோடையில் தென்கிழக்குக் காற்று நாள்கணக்கில் வீசி மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். 10, 12 டிகிரிக்கு இறங்கிவிடும். குளிர்காலத்தில் அந்தக் காற்று அடங்கிவிடுவதால் தண்ணீர் கொஞ்சம் தேவலை. டர்பனில் அகுலாஸ் என்ற வெப்ப நீரோட்டம் வெந்நீர் போடுகிறது, இங்கே அந்தச் சொகுசு கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அதே தென்கிழக்குக் காற்றுதான் நூர்டுஹுக்கில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசி அலையை நிமிர்த்தி நிறுத்துகிறது. நல்ல அலையும் கடுங்குளிரும் ஒன்றாகத்தான் வரும்.

நூர்டுஹுக் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் நீளம். 1900-இல் தரைதட்டிய ககாபோ கப்பலின் துருப்பிடித்த எலும்புகள் இன்னும் மணலில் நிற்கின்றன. பல நாள் காலையில் தண்ணீரில் எங்களைத் தவிர யாரும் இருப்பதில்லை. அண்ணனுக்கு அதில் தனி சந்தோஷம். அவர் சிறுவனாக இருந்தபோது டர்பனின் நல்ல கடற்கரைகள் வெள்ளையருக்கு மட்டும். 1989-இல்தான் எல்லோருக்கும் திறந்தார்கள்.

ஆள் இல்லை என்றால் உதவிக்கும் ஆள் இல்லை. அதனால் இறங்குவதற்கு முன் அரை மணி நேரம் கரையில் நின்று பாருங்கள். இங்கே அலை உடைவது மணல் திட்டில், பாறையில் அல்ல. போன வாரம் இருந்த திட்டு இந்த வாரம் இருக்காது. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கலங்கலாகத் தெரிகிறதா? அங்கேதான் தண்ணீர் கடலுக்குள் இழுக்கிறது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல், போர்டை விடாமல், பக்கவாட்டில் விலகி வாருங்கள். டர்பனில் அலை நன்றாகப் பிடிப்பவர்கள்கூட இதில் தடுமாறிப் பார்த்திருக்கிறேன். குளிரில் கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் 4/3 மில்லிமீட்டர் (உடம்புக்கு 4, கை கால்களுக்கு 3), பாதத்துக்கு பூட்டி என்ற ரப்பர் காலணி. இரண்டும் கட்டாயம். தலைக்கு ஹுட் உங்கள் விருப்பம், நான் போடுவேன். சுறா பயம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும்தான். ஆனால் அந்தக் கடலில் என்னைக் கஷ்டப்படுத்தியது குளிரும் நீரோட்டமும்தான். தனியாக மட்டும் போகாதீர்கள், கரையில் நடப்பதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம், ஃப்ளாஸ்கில் சூடாக ரசம். காபியைவிட அதுதான் விரலுக்குச் சீக்கிரம் உயிர் கொடுக்கிறது. அண்ணன் வீட்டு ரசத்தில் மிளகு கொஞ்சம் தூக்கல்.