கடைவாய்ப் பல் முளைக்கும்போது ஈறு வீங்கி ரத்தம் வந்தால்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயதாகிறது. கீழே கடைசியில் ஒரு பல் முளைத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கி, பிரஷ் பட்டாலே ரத்தம் வருகிறது. அந்தப் பக்கம் மெல்லவும் மாட்டேன் என்கிறாள். ஈறு ஆறும்வரை அங்கே பல் தேய்க்காமல் விடலாமா?

பதில்: விட வேண்டாம். ரத்தம் வருவதே அங்கே அழுக்கு தங்கியிருப்பதால்தான். தேய்ப்பதை நிறுத்தினால் வீக்கம் கூடத்தான் செய்யும்.

முதலில் ஒரு விஷயம்: அது பால் பல் அல்ல. ஆறு, ஏழு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் வரும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் பல பெற்றோர் இதைப் பால் பல் என்று நினைத்து அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். இது சொத்தையானால் மாற்றுப் பல் கிடையாது.

பல் பாதி வெளியே வந்த நிலையில் அதன் மேல் ஈறு ஒரு மடலாகப் படிந்திருக்கும். சோறும் பிஸ்கட் மாவும் அதற்கடியில் போய் ஒட்டும், கிருமி பெருகும், ஈறு வீங்கும். வீங்கிய ஈறை மேல்பல் கடிக்க, வலி இன்னும் கூடும். வலிக்கிறதே என்று குழந்தை அந்தப் பக்கத்தைத் தொடவே விடாது. பல் முழுதாக மேலே வரும்போது இந்த மடல் பெரும்பாலும் தானே விலகிவிடும். வெட்ட வேண்டிய தேவை அபூர்வம்.

நீங்களே தேய்த்துவிடுங்கள். எட்டு வயதுவரையாவது பெரியவர் கை வேண்டும். குழந்தையின் பின்னால் நின்று, தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொள்ளுங்கள். வாயைப் பாதி மட்டும் திறக்கச் சொல்லுங்கள். அகலத் திறந்தால் கன்னம் இறுகி பிரஷ் உள்ளே போகாது. புதுப் பல் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருப்பதால், வரிசையோடு முன்னும் பின்னும் தேய்த்தால் பிரஷ் அதைத் தொடாமலே மேலே போய்விடும். எனவே பிரஷை வாயின் ஓரத்திலிருந்து குறுக்காக நுழைத்து, அந்தப் பல்லின் மேல் மட்டும் வைத்து, பத்துப் பதினைந்து முறை மெதுவாக அசையுங்கள். தலை சிறிதான, மென்மையான பிரஷ் போதும். குறைந்தது 1000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு. தேய்த்தபின் துப்பட்டும், நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். காலையிலும் இரவிலும் இப்படித் தேய்த்துவந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிட வேண்டும்.

சாப்பிட்டபின், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொப்பளிக்கச் சொல்லலாம். விழுங்காமல் துப்பத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும். கிராம்பு எண்ணெயை ஈறில் நேரடியாகத் தடவாதீர்கள், புண்ணாக்கிவிடும். உமிக்கரியும் உப்புத்தூளும் வீங்கிய ஈறை உரசிக் கீறும். வலி அதிகமானால் பாராசிட்டமால், ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அதாவது 20 கிலோ குழந்தைக்கு 200 முதல் 300 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

சில பிள்ளைகளுக்குப் பல் வரும் இடத்தில் நீலநிறக் கொப்புளம் தோன்றும். ஊசியால் குத்தாதீர்கள். பல் வெளிவரும்போது தானே உடைந்துவிடும்.

ஆனால் பால் கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்து ஈறில் பரு மாதிரி சீழ்க்கட்டி இருந்தால் அது முளைப்பு வீக்கமல்ல. சொத்தை வேர்வரை போயிருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதால், வலி இல்லையென்றாலும் காட்ட வேண்டும். காய்ச்சல், கன்ன வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமை இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பிரஷ் படாமலே ரத்தம் கசிந்து, உடம்பில் காரணமில்லாத நீலத் தடிப்பும் வெளிறலும் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை உடனே தேவை. வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடும் பிள்ளைக்கு ஈறு தடித்து வளரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அதை எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

மடல் விலகிப் பல்லின் மேற்பரப்பு முழுதும் தெரிந்ததும் பல் மருத்துவரிடம் சீலன்ட் பற்றிக் கேளுங்கள். பிரஷ் முனை எட்டாத ஆழமான பள்ளங்களை மூடும் மெல்லிய பூச்சு அது. துளைபோட வேண்டியதில்லை, வலிக்காது.