நிறை உள்ள பொருள் ஏன் ஒளியின் வேகத்தை எட்ட முடியாது? ஒளிக்கு மட்டும் அது எப்படி முடிகிறது?

ஒரு பொருள் அசையாமல் இருக்கும்போதே அதற்குள் அடங்கியிருக்கும் ஆற்றலின் அளவுதான் நிறை. ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னதன் சாரம் இதுதான். ஒளித்துகளான ஃபோட்டானுக்கு அப்படி ஓய்வில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. அதன் ஆற்றல் முழுவதும் ஓட்டம்தான். அதனால் வெற்றிடத்தில் அது விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். மெதுவாகப் போவது அதன் கையில் இல்லை.

நிறை உள்ளவற்றின் கதை வேறு. போகப் போகச் செங்குத்தாகும் மலையில் சைக்கிள் மிதிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மிதிக்குப் பத்தடி நகரும், பிறகு ஓரடி, பிறகு ஓர் அங்குலம். உச்சி மட்டும் வராது. ஒளியின் வேகத்தை நெருங்கும்போதும் இதே நிலைதான்: கொடுக்கும் ஆற்றல் வீணாவதில்லை, ஆனால் அதில் வேகத்தைக் கூட்டுவது துளிதான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில், துகள்களை வேகமேற்றும் பெரிய முடுக்கியில், அணுக்கருத் துகளான புரோட்டானின் ஆற்றலை அதன் ஓய்வு ஆற்றலைப் போல் 6,900 மடங்குக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். அப்போதும் அது ஒளியைவிட விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் பின்தங்கியே ஓடுகிறது. எனக்கு இன்றும் வியப்பு தருவது அந்த 3 மீட்டர்தான்! இன்னும் எவ்வளவு ஆற்றலைக் கொட்டினாலும் அது குறையுமே தவிர பூஜ்யமாகாது.

“வேகம் கூடினால் நிறையும் கூடும்” என்று பழைய பாடநூல்களில் படித்திருப்பீர்கள். இன்றைய இயற்பியலர்கள் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை, கூடுவது ஆற்றலும் உந்தமும்தான், புரோட்டானின் நிறை அப்படியே இருக்கிறது.